கேன்சலில் ஊர் வந்தபின் முதல் எட்டு வாரம்: ஒரு ஸ்டோர்கீப்பரின் பணக் கணக்கு

வெளிநாட்டு வேலையிலிருந்து லீவில் ஊருக்கு வருவதற்கும், விசாவையே கேன்சல் பண்ணிக்கொண்டு ஒரேயடியாகக் கேன்சலில் வருவதற்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதே ஷார்ஜா–திருச்சி விமானம், அதே 30 கிலோ, கயிறு கட்டிப் பெயர் எழுதிய அதே அட்டைப்பெட்டி. வாசலில் கார் நின்றதும் பிள்ளைகள் ஓடிவருவதும் அப்படியேதான். அதனால்தான் கைக்கு உறைப்பதில்லை. லீவில் வந்த 40 நாளில் எப்படிச் செலவழித்துப் பழகியதோ அப்படியே இந்தத் தடவையும் செலவழிக்கிறது. 41ஆம் நாள் திரும்பிப் போக வேலை இல்லை என்பது மூளைக்குத் தெரியும், சட்டைப்பைக்குத் தெரியாது.

எனக்குப் பேராவூரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2010 முதல் 2024 வரை ஷார்ஜாவில் இரும்பு ஃபேப்ரிகேஷன் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்கீப்பர். 2024 ஜூன் இரண்டாம் வாரம் விசாவை கேன்சல் பண்ணிக்கொண்டு வந்துவிட்டேன். வந்த முதல் எட்டு வாரத்தில் பணத்தைக் கொஞ்சம் சரியாகவும் பார்த்துக்கொண்டேன், கொஞ்சம் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன். இரண்டையும் எழுதுகிறேன். சவூதி, கத்தார், குவைத்தில் இருந்து வருகிறவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு வரும்போது கம்பெனி கொடுக்கும் பணிக்கொடை, அந்தக் கணக்கு மட்டும் நாட்டுக்கு நாடு வேறு.

விமானம் ஏறும் முன்பே

முதல் அடி கிராஜுவிட்டியில்தான் விழும். எல்லாரும் மொத்தச் சம்பளத்தில் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள், நானும் அப்படித்தான். அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் சம்பளம். எனக்கு 14 வருடம் என்றால் 105 நாளும் 270 நாளும் சேர்த்து 375 நாள். என் சம்பளம் 3,200 திர்ஹாம். 40,000 வரும் என்று இரண்டு வருடமாக மனசில் அதை மூன்று தடவை செலவழித்துவிட்டேன். வந்தது 25,000. ஏனென்றால் கணக்கு அடிப்படைச் சம்பளத்தில் மட்டும்தான். என் ஒப்பந்தத்தில் பேசிக் 2,000, மீதி எல்லாம் அலவன்ஸ். உங்கள் ஒப்பந்தத்தை இன்றைக்கே எடுத்துப் பேசிக் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண்ணை 30ஆல் வகுத்து நாள் கணக்கால் பெருக்கினால் வருவதுதான் உங்கள் பணம். வேலை முடிந்து 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கும். பணம் கணக்கில் விழுந்த பிறகு போடுங்கள்.

அந்தப் பணத்தை அங்கே உள்ள உங்கள் கணக்கிலேயே வாங்கி, பிறகு ஊருக்கு அனுப்புங்கள். நேராக ஊர் கணக்குக்கு வரவைத்தால் "இந்தியாவில் கிடைத்த வருமானம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுத்துவிடும். கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் இருந்தால் முதலில் அதை அடைத்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்குங்கள். விட்டுவிட்டு வந்தால், நாலு வருடம் கழித்து விசிட்டில் போகும்போது ஏர்போர்ட்டில் அந்தக் கார்டு உங்களை அடையாளம் கண்டுகொள்ளும்.

அனுப்பும்போது ரேட் ஏறட்டும் என்று காத்திருப்பது நம் ஆட்களுக்கு ஒரு வியாதி. திர்ஹாம் டாலரோடு கட்டிப்போட்ட காசு, 1997இலிருந்து ஒரு டாலருக்கு 3.6725 தான். அதனால் அசைவதெல்லாம் ரூபாய்தான். 25,000 திர்ஹாமுக்கு 10 பைசா வித்தியாசம் என்பது 2,500 ரூபாய். அதற்காக அறை வாடகை கொடுத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்திருந்த ஆளை எனக்குத் தெரியும். நான் அனுப்பியபோது 22 ரூபாய் 70 பைசா பக்கம் இருந்தது. கடைசி மாதச் சம்பளம், லீவுச் சம்பளம் எல்லாம் சேர்த்து 30,000 திர்ஹாம், 6 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம் வந்தது. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் அனுப்பினால் பத்து பைசா கூடக் கிடைக்கும்தான். ஆனால் அது சட்டவிரோதம், அதோடு அந்தப் பணத்துக்குத் தாளும் கிடையாது. நாளைக்கு இடம் வாங்கும்போது "பணம் எங்கிருந்து வந்தது" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

அப்புறம் சிம். இதைத்தான் நான் கோட்டைவிட்டேன். என் ஊர் வங்கிக் கணக்கில் 14 வருடமாக இருந்தது ஷார்ஜா நம்பர். வந்த மூன்றாம் நாள் நெட் பேங்கிங்கில் எஃப்.டி. போட உட்கார்ந்தால், ஓ.டி.பி. அந்த நம்பருக்குப் போகிறது. அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் பர்ஸுக்குள் செத்துக் கிடக்கிறது. நம்பரை மாற்ற வங்கிக்கு நான்கு நடை. கிளம்பும் முன்பே ஊர் நம்பரை வங்கியில் ஏற்றிவிடுங்கள். அங்குள்ள கணக்கை உடனே மூடவில்லை என்றால், அந்த சிம்மில் ரோமிங்குக்குக் காசு போட்டு இரண்டு மூன்று மாதமாவது உயிரோடு வைத்திருங்கள்.

தங்கம் பற்றி ஒரு வரி. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்த ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் நகை சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம் என்று அறையில் எல்லாரும் சொல்வார்கள். நான் வந்த சமயம் அதற்கு மதிப்பு வரம்பும் இருந்தது, ஆணுக்கு 50,000 ரூபாய். ஒரு பவுனே ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்த நேரம் அது. 20 கிராம் என்பது அப்போது பேச்சுக்குத்தான் இருந்தது. விதி மாறக்கூடியது, கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய டிவியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அதற்கு 2013இலிருந்தே இலவசம் இல்லை, வரி கட்டினால் இங்கே வாங்கும் விலையைத் தொட்டுவிடும்.

முதல் நாளே சொல்லிவிடுங்கள்

கேன்சலில் வந்ததைச் சொல்ல நமக்குக் கூச்சம். "லீவுதான், பார்ப்போம்" என்று இழுப்போம். அந்த ஒரு பொய்க்குத்தான் முதல் மாதத்தில் அதிகச் செலவு. லீவுக்காரன் என்று நினைக்கிற வரைக்கும் ஊர் நம்மிடம் லீவுக்காரன் மரியாதையை எதிர்பார்க்கும்.

நான் பெட்டி பிரித்த அன்று பெரிய அத்தை வந்து உட்கார்ந்தார். கோடாலித் தைலம், சோப்பு, டேங் பாக்கெட் எல்லாம் கொடுத்து முடித்ததும் வழக்கம்போலக் கையில் 500 ரூபாய் வைக்க வேண்டும். லீவில் வரும்போதெல்லாம் இப்படி இருபது வீட்டுக்கு வைப்பேன், பத்தாயிரம் போய்விடும். இந்தத் தடவை 200 வைத்தேன். வைக்கும்போதே, "கேன்சலில் வந்துட்டேன் அத்தை, இனி இங்கேதான்" என்று சொன்னேன். அத்தை அந்த நோட்டைத் திருப்பி என் மகள் கையில் கொடுத்துவிட்டு, "நல்லதாப் போச்சு, உங்கம்மா நிம்மதியாத் தூங்கட்டும்" என்றார். ராத்திரிக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அதன்பின் எவ்வளவு கொண்டுவந்தாய் என்று கேட்டவர்கள் உண்டு. என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டவர்கள் குறைந்துவிட்டார்கள்.

கைச்செலவுக்கு முதல் வாரம் 10,000 ரூபாய் ரொக்கமாக வைத்துக்கொண்டேன், போதும். ரொக்கம் வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. புது போனில் யு.பி.ஐ. ஆரம்பித்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் போகும். டீக்கடையில் 500 ரூபாய் நோட்டை நீட்டினால், "ஜிபே இல்லையாண்ணே?" என்று நம்மை வேற்றுக்கிரகவாசி மாதிரி பார்க்கிறார்கள்.

பழைய பாஸ்போர்ட் உறையைத் தட்டிப் பாருங்கள். என்னுடையதில் இரண்டு 2,000 ரூபாய் நோட்டு இருந்தது, எந்த லீவிலோ மிஞ்சியது. 2023 மே மாதம் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், அந்த அக்டோபருக்குப் பிறகு சாதாரண வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்தில்தான் மாற்ற வேண்டும், நமக்குச் சென்னை. தபாலில் அனுப்பிக் கணக்கில் வரவு வைக்கவும் வழி இருக்கிறது. நான் தபாலில்தான் அனுப்பினேன்.

வங்கிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

இனி இங்கேதான் என்று வந்துவிட்டால், வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்கை அப்படியே ஓட்டக்கூடாது. சாதாரண ரெசிடென்ட் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். பான், ஆதார், வந்து இறங்கிய முத்திரை உள்ள பாஸ்போர்ட் பக்கத்தின் நகல், போட்டோ. இவ்வளவுதான் என்னிடம் கேட்டார்கள். யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை என்று பல பேர் வருடக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். சிக்கல் வட்டியில் இருக்கிறது. என்.ஆர்.இ. வட்டிக்கு வரி இல்லை என்பது நாம் வெளிநாட்டில் இருக்கும் வரைக்கும்தான். திரும்பி வந்த நாளிலிருந்து அந்த வட்டி வரிக்கு உட்பட்டது. கணக்கின் பெயர் என்.ஆர்.இ. என்று இருப்பதால் வரி இல்லாமல் போகாது. ஏற்கெனவே போட்ட எஃப்.டி.யைப் பற்றிப் பயம் வேண்டாம், மாற்றினாலும் பேசிய வட்டி விகிதம் முதிர்வு வரை வரும்.

வெளிநாட்டில் இருக்கிறவர் இந்தியாவில் வரும் வருமானத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.ஓ. கணக்கு இருந்தால் மாற்றுவதில் நமக்கே லாபம். அதில் வட்டிக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். ரெசிடென்ட் எஃப்.டி. என்றால் பிடித்தம் 10 சதவீதம், அதுவும் வருட வட்டி ஒரு வரம்பைத் தாண்டினால்தான். மறுபடி வெளியே போகும் எண்ணம் பாதி இருக்கிறது, பணத்தை டாலராகவே வைத்திருக்க வேண்டும் என்றால் ஆர்.எஃப்.சி. என்ற கணக்கு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். என் தொகைக்கு அது தேவைப்படவில்லை.

வருமான வரியில் தேதிக்கு விலை உண்டு. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான வருடத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் அந்த வருடம் நீங்கள் ரெசிடென்ட். அக்டோபர் முதல் வாரம் தாண்டி வந்தால் அந்த வருடம் முழுக்க பெரும்பாலும் என்.ஆர்.ஐ.யாகவே முடியும், நாள் மட்டும் எண்ணிப் பாருங்கள், நடுவில் லீவில் வந்த நாளும் சேரும். நான் ஜூனில் வந்ததால் ரெசிடென்ட். ஆனாலும் நம் மாதிரி ஆட்களுக்கு என்.ஆர்.ஐ.க்கும் முழு ரெசிடென்ட்டுக்கும் நடுவில் ஒரு திண்ணை இருக்கிறது, அதன் பெயர் ஆர்.என்.ஓ.ஆர். முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் என்.ஆர்.ஐ.யாக இருந்தாலோ, முந்தைய 7 வருடத்தில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இல்லாவிட்டாலோ அதில் உட்காரலாம். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் சம்பாதித்து அங்கேயே வாங்கியதற்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல், மே மாதச் சம்பளம், கிராஜுவிட்டி பற்றி எனக்கிருந்த பயம் அதோடு தீர்ந்தது. பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள், நாள் கணக்கைக் காட்ட அந்த முத்திரைகள்தான் சாட்சி.

இந்த வாரத்தில்தான் ஏஜென்ட்டுகள் வருவார்கள். 12 சதவீதம், 14 சதவீதம் வட்டி என்று "நிதி" கம்பெனி, ஏலச்சீட்டு. ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு 5 லட்சம் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் இருக்கிறது. இவர்களிடம் போடும் பணத்துக்கு அது கிடையாது. நான் பணத்தை இரண்டு வங்கியில் பிரித்துப் போட்டேன். வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

அவள் நோட்டு

14 வருடம் மாதம் 35,000 அனுப்பினேன். அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, "ஒரு மாசத்துக்கு என்ன ஆகுது?" என்று மெதுவாகக் கேட்டேன். மனைவி ஒன்றும் பேசாமல் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து வைத்தாள். பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு. பால் லிட்டர் கணக்கு, மளிகை, அம்மாவின் பிரஷர் மாத்திரை, வேன் கட்டணம், சிலிண்டர் வந்த தேதி, தேங்காய் பறிக்கூலி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் பில். கடைசி ஆறு மாதச் சராசரி 27,400. மீதியில் நகைச்சீட்டும் அடகு வட்டியும் போயிருக்கிறது.

என் ஆலோசனை இதுதான்: வீட்டுப் பணத்தை நீங்கள் கையில் எடுக்காதீர்கள். இத்தனை வருடம் அந்த வீட்டை ஓட்டியவள் அவள். விருந்தாளியாக வந்துபோன நாம் திடீரென்று "இனி நான் பார்த்துக்கறேன்" என்றால் செலவும் ஏறும், வீட்டில் முகமும் வாடும். நான் செய்தது இவ்வளவுதான். ஒரு வருட வீட்டுச் செலவாக 28,000 வீதம் 3 லட்சத்து 36 ஆயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டேன். அங்கிருந்து மாதம் 3ஆம் தேதி அவள் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தேன். ஷார்ஜாவிலிருந்து பணம் வந்துகொண்டிருந்த அதே தேதி. என் பெட்ரோலுக்கும் டீக்கும் அவளிடம் வாங்கிக்கொள்கிறேன். முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. "எதுக்குங்க ஆயிரம்? போன வாரந்தானே டேங்க் ரொப்புனீங்க" என்றாள். ஸ்டோரில் நான் ஃபோர்மேன்களைக் கேட்ட அதே தொனி.

நான் வந்ததால் ஏறிய செலவு ஒன்று உண்டு: ஏசி. அங்கே இரவும் பகலும் ஓடிப் பழகிய உடம்பு. நான் வந்த சமயம் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட் வரைக்கும் படிப்படியாகச் சலுகை. 500ஐத் தாண்டிவிட்டால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருந்த மலிவான படியே காணாமல் போய்விடும். எங்கள் வீடு 300க்குள் இருந்தது, முதல் பில்லில் 560. இப்போது ராத்திரி பத்து மணிக்குமேல்தான் போடுகிறோம், விடியற்காலை அம்மா எழுந்து அணைத்துவிடுகிறார்.

அடகு நகையைத் திருப்புவது

எஃப்.டி. போடும் முன் வீட்டில் என்னென்ன நகை அடகில் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டு இடத்தில் இருந்தது. கூட்டுறவு வங்கியில் ஒன்றரை லட்சத்துக்கு ஒரு ஆரமும் வளையலும். கடைத்தெரு அடகுக் கடையில் 80,000க்கு ஒரு செயின், நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதம் இரண்டு என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். எஃப்.டி. அப்போது கொடுத்தது ஏழு. கடைத்தெரு செயினை மறுநாளே திருப்பினேன், கூட்டுறவில் இருந்ததை அந்த வாரக் கடைசியில். ரசீதில் எடையைப் பார்த்து, நகையைத் தட்டில் போட்டு எடை போடச் சொல்லி வாங்குங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கையிருப்பு எல்லாம் சேர்த்து 11 லட்சத்து 40 ஆயிரம் என்று வந்தேன். வீட்டுச் செலவும் நகையும் போய் 5 லட்சத்து 70 ஆயிரம் சொச்சம். இந்தக் கழித்தலை முதல் மாதத்திலேயே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். அதற்கு முன் யாரிடமும் தொழில், இடம், பங்கு என்று பேச்சுக் கொடுக்கக்கூடாது. நான் கொடுத்தேன்.

ஒரு லட்ச ரூபாய் டோக்கன்

மூன்றாவது வாரம். தூரத்து உறவு மாமா ஒருவர் ஒரு புரோக்கரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டுக்கோட்டை சாலையை ஒட்டி ஐந்து சென்ட். "தம்பி, ரெண்டு பார்ட்டி காத்துக்கிட்டு இருக்கு, உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்." இடம் நன்றாகத்தான் இருந்தது, கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வீட்டில் பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு லட்சம் டோக்கன் கொடுத்தேன், வெறும் தாளில் கையெழுத்து.

அதற்கு அடுத்த நாள்தான் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம், சர்வே எண் இருந்தால் போதும். இடத்தின் மேல் ஒரு அடமானம் இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், மனைக்கு அங்கீகாரமே இல்லை. 2016 அக்டோபர் 20க்குப் பிறகு போட்ட அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்தில் கொண்டுவர முடியாது. பத்திரம் பதியவும் தடை. எட்டு மாதம் நடந்து 60,000 திரும்ப வந்தது. மாமா இப்போது எங்கள் தெருவழியாக வருவதில்லை.

ஆகவே, வந்து நூறு நாளுக்கு எந்த இடத்துக்கும் டோக்கன் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, மனை அங்கீகார எண் ஆகிய நாலையும் பார்க்காமல் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "இன்னிக்கே முடிக்கணும்" என்று சொல்லும் இடம் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

கைமாத்து கேட்பவர்களுக்கு இந்த டோக்கன் கதை எனக்கு நல்ல பதிலாகிவிட்டது. "மாட்டிக்கிட்டிருக்குண்ணே" என்றால் மேலே கேட்பதில்லை. கட்டாயம் உதவ வேண்டிய ஆள் என்றால், திரும்ப வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகையைக் கொடுங்கள், கடன் என்று சொல்லாமலே கொடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை இடத்துக்கு முன் யோசித்திருக்க வேண்டும். விசா கேன்சல் ஆனதோடு கம்பெனி இன்சூரன்ஸும் முடிந்தது. இங்கே புது பாலிசி எடுத்தால், விபத்தைத் தவிர மற்றதற்கு முதல் 30 நாள் காப்பு இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம்வரை காத்திருக்க வேண்டிவரும். அந்த 30 நாள் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறதோ அவ்வளவு நல்லது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன். ஏஜென்ட் எழுத வேண்டாம் என்றார். மறைத்து எடுத்த பாலிசி ஆஸ்பத்திரி வாசலில் நம்மைக் கைவிடும்.

ஆடி பிறந்தது

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காக. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லை. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போட்டு மொய் வாங்குவதற்கென்றே விருந்து. செலவைப் பங்கிட நாலைந்து பேர் சேர்ந்தும் வைப்பார்கள். ஒருவர் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வைக்கலாம். ஒருவர் நமக்கு 2,000 எழுதியிருந்தால், அவர் விருந்தில் அந்த 2,000த்தையும் அதன்மேல் புதுசாக ஒரு ஆயிரமோ இரண்டாயிரமோ சேர்த்து எழுதுவோம். அந்தப் புதுசு அவர் தலையில் ஏறும். புதுசு போடாமல் பழையதை மட்டும் திருப்பினால் கணக்கை முடித்துக்கொள்கிறோம் என்று பொருள்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தோப்பைப் படுக்க வைத்தது. அடுத்த ஆடியில் அப்பா மொய் விருந்து வைத்தார். அந்தப் பணத்தில்தான் போர் இறக்கிக் கன்று வைத்தோம். அந்தக் கன்றுகள் இப்போதுதான் பாளை விடத் தொடங்கியிருக்கின்றன. அப்பா 2021இல் போய்விட்டார். நான் ஷார்ஜாவில் இருந்ததால் மொய் நோட்டை நான் திறந்து பார்த்ததே இல்லை. மனைவியும் அம்மாவும்தான் வருடா வருடம் செய்துவந்திருக்கிறார்கள். ஆடி பிறந்த வாரம் வாசலில் பத்திரிகைகள் குவிந்ததும் இருவரும் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தார்கள். அந்த ஆடி, ஆவணிக்குள் நாங்கள் திருப்ப வேண்டியது 1 லட்சத்து 20 ஆயிரம்.

இது கடன்தான். சிபில் ஸ்கோரில் தெரியாது, வங்கியில் தெரியாது, ஆனால் தெருவே மனப்பாடமாக வைத்திருக்கும். ஊர் வந்த முதல் வாரத்திலேயே மொய் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். இந்த வருடம் விருந்து வைக்கிறவர்கள் யார் யார், அவர்கள் நமக்கு எழுதியது எவ்வளவு என்று தனித்தாளில் எடுங்கள். நாங்கள் மூன்று விதமாகப் பிரித்தோம். நெருங்கிய சொந்தத்துக்குப் பழையதோடு புதுசாக ஆயிரம். வெறும் பழக்கத்தில் எழுதியவர்களுக்கு, பழையதோடு ஒரு 500. ஊரைவிட்டே போய்விட்டவர்கள், இனி வரவு செலவு வேண்டாம் என்று இருப்பவர்களுக்குப் பழையது மட்டும், கணக்கு முடிந்தது. என்னைக் கேட்காமல் பிரித்திருந்தால் இன்னும் கச்சிதமாகப் பிரித்திருப்பார்கள். நான் புதுசாக 5,000 போடச் சொன்ன இரண்டு பெயரை அம்மா அடித்துவிட்டார்.

"ஐந்து வருஷம் ஆச்சு, நீயும் இந்த ஆடியிலேயே வெச்சிடு, ஏழு எட்டு லட்சம் வந்துடும்" என்று சித்தப்பா சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது. நாம் போட்ட புதுசெல்லாம் திரும்பி வரும் வழியும் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் வருமானம் இல்லாத வருடத்தில் வரும் எட்டு லட்சம் வருமானம் மாதிரியே தெரியும். அதில் பாதி புதுக்கடன், அடுத்த ஐந்து வருடம் ஒவ்வொரு ஆடியிலும் புதுசு ஏற்றித் திருப்ப வேண்டும். என்ன தொழில் என்று முடிவாகாத ஆள் அதில் கை வைக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த ஆடிக்குத் தள்ளிவைத்தோம். சித்தப்பாவுக்கு வருத்தம்தான், அவருக்குப் பந்தல் காண்ட்ராக்ட் இருக்கிறது.

எட்டாவது வாரம் முதல் விருந்துக்குப் போனேன். கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மொய் எழுதும் மேஜைக்கு முன் வரிசையில் நின்றேன். எழுதுகிற பையன் நிமிராமல் பெயர் கேட்டான், சொன்னேன். முன்னால் விரித்து வைத்திருந்த பழைய நோட்டில் விரலை ஓட்டி, "ஷார்ஜாதானேண்ணே?" என்றான். 14 வருடமாக எங்கள் வீட்டு மொய் எல்லாம் அந்தப் பெயரில்தான் ஏறியிருக்கிறது. "அதை அடிச்சிட்டு ஊர் பேரையே போடு தம்பி" என்று சொல்லி, பழையது 2,000, புதுசு 1,000 என்று எண்ணி வைத்தேன்.